தென்னரசுவின் சாட்சி

திண்டிவனத்தில் சனிக்கிழமைதோறும் ஜெபத்துக்குக் கூடும் கிறிஸ்தவ ஆண்கள் ஐக்கியத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், முதலில் தென்னரசுவின் சாட்சியைக் கேட்க வைத்துவிடுவார்கள். வானூர்ப் பக்கம் ஜேசிபி ஓட்டுகிறவர். குடித்துவிட்டு மனைவி ஜெசிந்தாவை அடித்ததையும், ஒருமுறை அவள் காது கிழிந்ததையும், ஐக்கியத்தில் சேர்ந்த பிறகு கர்த்தர் தன்னை மாற்றியதையும் கண்கலங்கச் சொல்வார். பொய் இல்லை. குடி நின்று வருஷங்களாகிவிட்டன, அதன்பிறகு அவர் கை நீட்டியதுமில்லை. அக்கம்பக்கத்துச் சபைகளும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தன. சில சமயம் ஜெசிந்தாவும் பின்வரிசையில் இருப்பாள். ஆட்கள் திரும்பி அவள் காதைப் பார்ப்பார்கள்.

விழுப்புரத்தில் ஆண்கள் மாநாடு. தேவமனிதன் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று பேச அவரை அழைத்திருந்தார்கள். காலையில் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தா தலை நிமிராமல் கேட்டாள்.

"இன்னைக்கும் என் காது கதைதானா?"

"கர்த்தருக்கு மகிமையாத்தான சொல்றேன், ஜெசி."

"ஊரு பூரா சொல்லிக்கினு வர்றீங்க. என்கிட்ட ஒரு வாட்டியாவது மன்னிப்பு கேட்டீங்களா?"

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து படிக்கட்டருகே நின்றார். எப்போதாவது கேட்டிருப்போம் என்று நினைவைத் துழாவினார். ஜெபத்தில் கேட்டிருந்தார். மேடையில் கேட்டிருந்தார். அவளிடம் இல்லை.

மாநாட்டு மேடையில் அவர் பெயரைச் சொன்னதும் கைதட்டினார்கள். மைக்கைப் பிடித்தார்.

"என்னால முடியலைங்க. அடி வாங்குனது அவ. நான் சொல்லக் கூடாது."

இறங்கிவிட்டார். ஐக்கியத்தை நடத்தும் ராஜ்குமார் வாசல்வரை ஓடிவந்தார்.

"இன்னா தம்பி, உடம்பு சரியில்லையா?"

"வீட்டுக்குப் போவணும்ணே."

வீட்டில் ஜெசிந்தா மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உன்ன அடிச்சது தப்பு. அதச் சொல்லி நான் பேர் வாங்குனதும் தப்பு. மன்னிச்சிடு."

அவள் கை நிற்கவில்லை.

"இப்பவே மன்னிச்சிட்டேன்னு சொன்னா, அதையும் மேடையில சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன்."

"பாக்கலாம்."

அதன்பின் அவர் எந்த மேடையும் ஏறவில்லை. சனிக்கிழமைகளில் ஐக்கியத்துக்குப் போகிறார், கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார், திரும்புகிறார். மனம் மட்டும் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது. மன்னித்தாளா என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு மழைநாளில், அவள் தலைக்கு மேலிருந்த பரணிலிருந்து குடையை எடுக்கக் கையைத் தூக்கினார். அவள் தோள் சட்டென்று ஒடுங்கியது. இத்தனை காலமும் அது அப்படித்தான் ஒடுங்கியிருக்கும். அவர்தான் பார்த்ததில்லை.

இப்போதெல்லாம் உயரத்திலிருந்து எதை எடுப்பதானாலும், "ஜெசி, எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கையைத் தூக்குகிறார். சில நாள் அவள், "எடுங்க" என்கிறாள். சில நாள் ஒன்றும் சொல்வதில்லை.