மோப்பக்கா கொடுத்த லேசான வேலை

ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் மோப்பக்காவுக்குத் தெரிந்துவிடும். தக்காளித் தோட்டத்தில் பதினாலு பெண்களைக் கட்டி மேய்க்கிற மேஸ்திரி அவள். வாந்தி எடுக்கட்டும், மயங்கி விழட்டும் என்றெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. பறித்துவிட்டு நிமிர்கிறவள் முழங்காலில் கை ஊன்றினால் போதும், டீ வாளி பக்கத்தில் வரும்போது முகத்தைத் திருப்பினால் போதும். இந்த மோப்பத்துக்காக ஊர் வைத்த பேர்தான் மோப்பக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்கிறது. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். வெளியே தெரிந்தால் சூப்பர்வைசர், "வீட்ல இருந்து ரெஸ்ட் எடும்மா" என்று தேனாகப் பேசி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். அதனால் எந்தப் பெண்ணும் நாலு மாதம் வரை மூச்சு விடுவதில்லை. மோப்பக்கா காலையில் வேலை பிரிக்கும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நீ இன்னையிலேருந்து தொட்டிப் பக்கம் போ" என்பாள். அவ்வளவுதான். மற்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சூப்பர்வைசருக்கு மட்டும் ஏழாம் மாதம் வரை ஒன்றும் விளங்காது, பாவம்.

தொட்டி என்பது மோட்டார் ரூமுக்குப் பின்னால், மர நிழலில் இருந்த சிமெண்ட் தொட்டி. பூச்சிமருந்தடிக்கிற ஆண்கள் கழற்றிப் போடுகிற சட்டை பேண்டைத் துவைக்க வேண்டும், முதுகில் மாட்டுகிற டேங்கையும் மருந்து கேன்களையும் அலச வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே வேலை. வெயில் இல்லை, இருபது கிலோ தக்காளி நிரம்பிய கிரேட்டைத் தூக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டை அவள் சும்மா வாங்கிவிடவில்லை. அவளுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில், இடுப்பில் கிரேட்டோடு வரப்பில் நடக்கும்போதே கலைந்துபோனது. பாரம்தான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று அன்றைக்கு அவள் மனசில் விழுந்தது. பிறகு ஒரு மகன் பிறந்தான், வளர்ந்தான், அதே தோட்டத்தில் லாரி ஓட்டவும் வந்தான். அவள் மனசில் விழுந்தது மட்டும் போகவில்லை. மேஸ்திரி ஆன முதல் நாளே சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

"தொட்டி வேலைக்கு யாரை அனுப்புறதுன்னு நான்தான் சொல்லுவேன் சார். இல்லேன்னா நாளைக்குத் தக்காளி பறிக்க நீங்களும் உங்க பைக்கும்தான் வரணும்."

ஒரு பழைய மணைக்கட்டை தேடிப் பிடித்து, மேலே சாக்கை நாலாக மடித்துத் தைத்து, தொட்டியடியில் போட்டாள். பதினோரு வருஷத்தில் ஒன்பது பெண்கள் அதில் உட்கார்ந்து எழுந்தார்கள். அதற்காக அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

பத்தாவதாக வந்தவள் அவளுடைய சொந்த மருமகள். கண் விழித்தால் பேச ஆரம்பித்து, கண் மூடும்வரை நிறுத்தாத பெண். மோப்பக்கா அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் காலை ரேடியோ பாடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் டீயைப் பத்து நிமிஷம் வைத்திருந்தாள். மறுநாள் தொட்டிக்கு அனுப்பப்பட்டாள்.

"அத்தை, நான் அவர்கிட்டகூட இன்னும் சொல்லலையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாயை மூடிட்டு உக்காரு. எதையும் தூக்குனேன்னு தெரிஞ்சா காலை ஒடிப்பேன்" என்றாள் மோப்பக்கா. சொல்லிவிட்டு, மணைக்கட்டையின் சாக்குக்கு மேல் தன் பழைய சேலையையும் மடித்துப் போட்டாள். பேரப்பிள்ளை என்று வந்துவிட்டால் யாருக்குத்தான் ஓரவஞ்சனை இருக்காது!

இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்கூடத்துப் பின்னறையில் நர்ஸ் வரும் நாளில் இருவரும் போனார்கள். நர்ஸ் எடை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டாள். மருமகளுக்குப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

"எங்க அத்தை எனக்கு ரொம்ப லேசான வேலைதான் குடுத்திருக்காங்க சிஸ்டர். நிழல்ல உக்காந்தே செய்யறது. மருந்தடிச்ச துணி துவைக்கிறேன், கேன் அலசுறேன். அவ்வளவுதான்."

நர்ஸின் பேனா நின்றது. "கையில உறை போட்டுக்கிறியா?"

"சோப்பு போட்டா வழுக்குது. கழட்டி வச்சிடுவேன்."

நர்ஸ் சத்தம் போடவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, மோப்பக்காவைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, அந்த மருந்து வாய் வழியாத்தான் போகும்னு இல்ல. தோல் வழியா ஊறும். துணி நனைஞ்சிருந்தா இன்னும் ஊறும். தாயோட உடம்புல சேர்றது பிள்ளைக்கும் போகலாம். பிள்ளைக்குக் கையும் காலும் மூளையும் உருவாகுறது இந்த முதல் மாசங்கள்லதான். பாரம் தூக்காம பாத்துக்கிட்டீங்க, அது சரி. ஆனா தோட்டத்துலயே மருந்து அதிகமா இருக்கிற இடத்துல கொண்டுபோய் உக்கார வச்சிருக்கீங்க."

மோப்பக்கா மருமகளின் வெறும் கைகளைப் பார்த்தாள். பிறகு, "இதுக்கு முன்னாடி அங்க உக்காந்தவங்க..." என்று இழுத்தாள்.

"எல்லாருக்கும் கெடுதல் வரும்னு இல்ல. வந்தா இதனாலதான்னு ஒருத்தர் விஷயத்துல அடிச்சுச் சொல்லவும் என்னால முடியாது. ஆனா இனிமே ஒருத்தரும் உக்கார வேண்டாம். பயந்து சாகாதீங்க, மாசாமாசம் தவறாம கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வரும் வழியில் தெருக்குழாயடியில் மருமகளை நிறுத்தினாள். பெட்டிக்கடையில் சோப்பு வாங்கி, முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. "போதும் அத்தை, கை தேஞ்சிடப் போகுது" என்றாள் மருமகள். மோப்பக்கா முந்தானையால் அந்தக் கைகளைத் துடைத்தாள்.

ஒன்பது பேரை மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். ஏழு பேர் பிள்ளைகள் தெருவில் ஓடுகிறார்கள். ஒருத்திக்குக் கரு தங்கவில்லை. இன்னொருத்தி நெட்டச்சி. பதினாலு பேரில் உயரமானவள். ஏழாம் மாதமே பிறந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனது அவள் பிள்ளை. அந்தத் துக்கத்திலும் நெட்டச்சி, "உன் புண்ணியத்துல கடைசி வரைக்கும் பாரம் தூக்காம இருந்தேன்க்கா" என்று மோப்பக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். அந்தச் சொல் இப்போது திரும்பவும் காதில் கேட்டது.

வாயை மூடிக்கொண்டு மருமகளை மட்டும் இடம் மாற்றிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தொட்டி உடைந்துபோச்சு என்று ஒரு பொய் போதும். மகன்கூட, "எதுக்கும்மா கிளறுறே, தெரிஞ்சா செஞ்சே" என்றான். மோப்பக்கா அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் வேலை பிரிக்கும் முன் பதினாலு பேரையும் உட்காரச் சொன்னாள். நர்ஸ் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், "நல்லதுன்னு நெனச்சு நான்தான் உங்களை அங்க அனுப்பினேன். எனக்குத் தெரியல. என்னை என்ன வேணா சொல்லுங்க" என்றாள்.

நெட்டச்சி எழுந்தாள், தன் கிரேட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் இறங்கிப் பறிக்க ஆரம்பித்தாள். அன்று முழுக்கத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில், கேட்டதற்கு ஒரு சொல், அதற்கு மேல் இல்லை. திட்டியிருந்தால் மோப்பக்கா தாங்கியிருப்பாள்.

அந்த வாரமே மோப்பக்கா சூப்பர்வைசரிடம் போனாள். மருந்தடிக்கிறவர்கள் கையுறை போட்டுத் தங்கள் துணியைத் தாங்களே துவைக்கட்டும், முழுகாமல் இருக்கிற பெண்களை வேலையிலிருந்து நிறுத்தாமல், தோட்டத்தை விட்டுத் தள்ளி அவர்களுக்கு ரோட்டோரக் கட்டடத்தில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலையைக் கொடுங்கள் என்றாள்.

"அதை என் மச்சான் பாத்துக்கிறானேம்மா" என்றார் அவர்.

"அவரு நல்லாத்தானே இருக்காரு. கிரேட் தூக்கட்டும்."

பதினாலு பேரும் பின்னால் நின்றார்கள். நெட்டச்சியும் நின்றாள். பறிக்க யாரும் இறங்காமல் மூன்று நாள் தக்காளி செடியிலேயே பழுத்துத் தொங்கிய பிறகு மச்சான் கிரேட் தூக்கினார். மணைக்கட்டையை மோப்பக்கா தன் கையாலேயே கோடரி போட்டுப் பிளந்தாள்.

மருமகளுக்குப் பெண் பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, குரல் அதிகம். "ரேடியோவுக்கு இன்னொரு ஸ்டேஷன் வந்தாச்சு" என்று தெருவே சிரித்தது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். நெட்டச்சி குழந்தையின் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயம். ஒரு நாள் பறித்துவிட்டு நிமிர்ந்த நெட்டச்சி முழங்காலில் கை ஊன்றினாள். மோப்பக்கா பார்த்துவிட்டாள். மறுநாளும் பார்த்தாள். டீ வாளி வந்தபோது நெட்டச்சி முகத்தைத் திருப்பியதையும் பார்த்தாள். ஆனால் வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் போய், நீ இங்கே உட்கார் என்று சொல்வது?

நாலாம் நாள் காலை வேலை பிரிக்கும்போது நெட்டச்சி தானாகவே அவள் முன்னால் வந்து நின்றாள்.

"என்னக்கா, மூக்கு அடைச்சுப்போச்சா? மூணு நாளா பாத்துட்டுப் பாத்துட்டுப் போறே" என்றாள். "நான் எங்க உக்காரணும்னு நீயே சொல்லு."