இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூ

சூரன் மார்பைப் பிளந்து கடல்நீரைச் சுவறச் செய்த வேலே, இதை எழுதும் கை பொய் எழுதாதிருக்கத் துணை நில்.

சென்ற தை மாதத்து வளர்பிறைச் சஷ்டி, வெள்ளிக்கிழமை. பூம்பாறையில் வேலவன் சன்னிதியில் பூக்கேட்க அந்நாளைக் குறித்திருந்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. வெள்ளை வந்தால் முருகன் உத்தரவு தந்தான். சிவப்பு வந்தால் மறுத்தான். கேட்க வேண்டியது ஒன்றே: என் மனைவி சாண்டோரினி என்னும் கிரேக்கத் தீவுக்குப் போகலாமா?

கொடைக்கானலில் சுற்றுலாத் தொழில் செய்யும் இளைய மகன் அத்தீவின் படத்தைக் காட்டியிருந்தான். முன்னொரு காலத்தில் வெடித்துத் தன்னையே தின்ற எரிமலை. அதன் வாய்க்குள் கடல். அந்த வாயின் உதட்டில் வெள்ளை வீடுகள்.

"மலை மேல நின்னா கடல் தெரியுமாம்ல. எனக்கு இத்தன வருசமா மேகந்தான தெரிஞ்சிருக்கு," என்றாள் அவள்.

பூண்டு பயிரிடும் மூத்தவன் சீறினான். "எரியிற மலையப் பாக்க ஏரோப்ளேன் எதுக்கும்மா? மே மாசம் வத்தலக்குண்டு வெயில்ல எறங்குனா போதாதா?" நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

சன்னிதியில் அவளே ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சிவப்பு. அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இளையவன் பாய்ந்து மற்றதைக் கிழித்தான். அதிலும் சிவப்பு.

"சாமியவே ஏமாத்திட்டியேண்ணே!"

"ஏலே, யார்றா ஏமாத்துனது?"

மூத்தவனின் முதல் அடியில் இளையவனின் உதடு கிழிந்தது. இளையவன் வீசிய பித்தளைத் தட்டு அண்ணன் நெற்றியைப் பிளந்தது. வழிந்த குருதி திருநீற்றோடு குழைந்து புருவத்தில் இறங்கியது. பூசாரி அலறினார். மூத்தவன் தேங்காய் உடைக்கும் அரிவாளைப் பற்றி ஓங்கினான். இடையே விழுந்த தாயின் முந்தானையைக் கிழித்துக்கொண்டு அது தூணில் மோதித் தீப்பொறி கக்கியது. மீண்டும் ஓங்கினான்.

"நிறுத்துங்கடா! ரெண்டுலயும் செவப்பக் கட்டுனது நான்!"

என் குரல்தான். அந்த எரிமலையின் வாய் அவளையும் விழுங்கிவிடும் என்று அஞ்சியவன் நான். மறுத்தவன் முருகன் என்றாக்கிவிட்டேன். நாள்தோறும் அவன் புகழ் பாடிய நாவால் அதை ஒப்புக்கொண்டேன். அரிவாள் கல்தரையில் விழுந்தது.

அவள் என்னை ஏறிட்டாள். "பெத்த புள்ளைக ரத்தத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க. எங்கேயோ கெடக்குற நெருப்புக்குப் பயந்தீங்களாக்கும்!"

புதிதாகப் பூக்கட்டலாமா என்று பூசாரி கேட்டார்.

"வேணாங்க. இனி முருகன் வேணாம்னா நேர்ல வந்து சொல்லட்டும். நான் போறேன்."

மறுவாரம் நெற்றியில் நான்கு தையலோடு மூத்தவன் கொடைக்கானலுக்கு வந்தான். வீங்கிய உதட்டோடு இருந்த தம்பியின் மேசையில் என் பாஸ்போர்ட்டை எறிந்தான். "அப்பாவையும் கூட அனுப்பு. அம்மா அங்க தனியா நிக்கக் கூடாது."

வைகாசியில் புறப்படுகிறோம். இதைப் படிப்போர் எவரும் தம் அச்சத்துக்கு ஆண்டவன் பெயரைச் சூட்டாதிருக்க. அவர்தம் மக்கள் கை ஒருவர்மேல் ஒருவர் ஓங்காதிருக்க. வேலும் மயிலும் அவர்களைக் காக்க.