டார்லா இழுத்த சங்கிலி

வில்லோ ஃபோர்க் ஊரில் டார்லா குபிசெக்கின் தராசைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. மான் வேட்டைக் காலம் வந்துவிட்டால் அவளுடைய இறைச்சிக் கடையில் சாசேஜ் வாங்க நிற்கும் கூட்டம் தெருவரை நீளும். அவள் நிறுத்துப் போட்டால் போட்டதுதான். வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி எடை பார்க்கிறவன் அந்த ஊரில் இல்லை. அப்பேர்ப்பட்டவள் பிடித்த சங்கிலியைத்தான் ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஊரே குறை சொன்னது.

அங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவது. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அந்தப் பத்து கஜத்தை அளக்க இரண்டு கம்பங்கள், நடுவே ஒரு சங்கிலி. பள்ளிக்கூட ஆட்டங்களில் அதைப் பிடிப்பது உள்ளூர்க்காரர்கள். பல வருடங்களுக்கு முன் முன்கம்பக்காரர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு மட்டும் என்று சொல்லிக் கடை ஏப்ரனோடு போய் நின்றாள் டார்லா. அப்புறம் அந்தக் கம்பத்தை அவளிடமிருந்து வாங்க யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் கொடுக்க மனசில்லை. வாரம் முழுக்க எலும்பு வெட்டுகிறவளுக்கு வெள்ளிக்கிழமைதான் திருவிழா.

அந்த வெள்ளிக்கிழமை மாநில அரையிறுதி. எதிரே கார்வர் ஊர்ப் பள்ளி. வில்லோ ஃபோர்க் மூன்று புள்ளி பின்னால். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நாலாவது முயற்சி. ஒரே ஒரு கஜம் எடுத்தால் போதும். கோச் டெபி, பையனை நட்டநடுவில் முட்டி நுழையச் சொன்னார். ஆள்மேல் ஆள் விழுந்து, பந்து எங்கே நின்றதென்று குவியலுக்கடியில் கிடந்தவர்களுக்கே தெரியவில்லை. நடுவர் ஓரிடத்தில் பந்தை வைத்தார். சங்கிலியைக் கொண்டுவரச் சொன்னார்கள். பின்னாலிருந்து ஊரே தளர்த்து, தளர்த்து என்று கத்தியது. டார்லா அதைக் காதில் வாங்காமல் சங்கிலியை எப்போதும்போல விறைப்பாக இழுத்துக் கம்பத்தை ஊன்றினாள். பந்து ஒரு விரல் அளவு பின்னால் நின்றது. ஆட்டம் போச்சு.

சனிக்கிழமை காலை காபிக் கடையில் யாரும் காபியைச் சூடாகக் குடிக்கவில்லை. எதிராளியின் எருமை மாதிரித் தடியன்கள் இரண்டு பேரும் நடுவில் நிற்கும்போது அங்கேயே போய் முட்டச் சொல்கிறதெல்லாம் ஒரு கோச்சா என்றார் ஒருவர். ஓரத்துக்குப் பந்தை எறிந்திருக்க வேண்டுமாம். எறிவானேன், உதைத்து மூன்று புள்ளி எடுத்திருந்தால் சமன் ஆகியிருக்குமே என்றார் இன்னொருவர். மூன்றாமவர் உப்பு டப்பாவை நடுவராக நிறுத்தி, இலவங்கப்பட்டை ரோலைப் பந்தாக வைத்து, அந்த ஆள் நின்ற இடத்திலிருந்து பந்து தெரிந்திருக்கவே முடியாது என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். டார்லா உள்ளே வந்தாள்.

ரசிகர் மன்றத் தலைவர் கேலன் ஸ்டோக்ஸ்தான் ஆரம்பித்தார்.

"கோச்சுக்கு மூளை இல்ல, ரெஃப்ரிக்குக் கண்ணு இல்ல. சரி, ஒத்துக்கறேன். நீ நம்ம ஊர்க்காரிதானே டார்லா? சங்கிலிய ஒரு விரக்கடை தளர்த்திப் பிடிச்சிருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"போன வாரம் எங்கிட்ட பன்னிக்கறி வாங்கிட்டுப் போனியே கேலன், அப்ப நான் தராசுல ஒரு விரல வச்சு அழுத்தியிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

கடையே சிரித்தது. கேலன் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் தன் மான் சாசேஜை வாங்க வந்தார். மன்றம் கூடிப் பேசிவிட்டதாம். அடுத்த வருடத்திலிருந்து முன்கம்பத்தை அவர் மாப்பிள்ளை பிடிப்பானாம். இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி என்று வேறு சொன்னார், மனுஷன். அழுதுவிடக் கூடாதே என்று டார்லா பொட்டலத்தைச் சுற்றின காகிதத்தின் மேலேயே இன்னொரு காகிதத்தைச் சுற்றினாள்.

அப்போதுதான் கடை ஃபோன் அடித்தது. பள்ளி விளையாட்டுச் சங்கத்திலிருந்து ஒருவர். தலைநகரில் நடக்கும் இறுதி ஆட்டத்துக்குச் சங்கிலி பிடிக்க அவளும் அவள் குழுவும் வர முடியுமா என்று கேட்டார். டார்லா கேலனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அத முடிவு பண்றது நான் இல்லீங்க. மன்றத் தலைவர் இங்கதான் நிக்கறாரு, அவரையே கேட்டுக்குங்க."

கொழுப்பு ஒட்டின கையோடு ஃபோனை அவரிடம் நீட்டினாள். அந்தப் பக்கத்துக்காரர் விவரம் சொல்லச் சொல்ல, கேலனின் காது நுனி சிவந்தது. அவளைச் சிபாரிசு செய்தது ஜெயித்த கார்வர் கோச். அவள் சொந்த ஊரே தளர்த்து தளர்த்து என்று கத்திக்கொண்டிருந்தபோது சங்கிலியை விறைப்பாக இழுத்த பெண் வேண்டும் என்றாராம்.

"ஆமாங்க, எங்க ஊருதான்," என்றார் கேலன். மாப்பிள்ளை வரலையா என்று டார்லா ஃபோனுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்க, அவர் அவசரமாகச் சொன்னார்: "மாப்பிள்ளையா? அவன் எதுக்குங்க? டார்லாதான் வருவா."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனவர் சாசேஜை மறந்துவிட்டார். அதை எடுக்கத் திரும்பி வந்தபோது டார்லா வேண்டுமென்றே முதுகைக் காட்டி நின்றாள்.

இறுதி ஆட்டத்தில் தங்கள் அணி இல்லாவிட்டாலும் வில்லோ ஃபோர்க் பாதி ஊர் சிவப்புத் தொப்பியோடு வந்திறங்கியது. சங்கிலிக்கு நேர் பின்னாலேயே இடம் பிடித்தார்கள். டார்லா கம்பத்தை நகர்த்தும்போதெல்லாம் எழுந்து கை தட்டினார்கள். ஆடுகிற பையன்கள் தங்களுக்குத்தான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்து ஏமாந்தார்கள். கார்வர் தோற்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்துக்கு வெறி. டார்லாவுக்கும்தான், மறைப்பானேன்.

நாலாவது முயற்சியில் கார்வர் பையன் நடுவில் முட்டினான். மறுபடி குவியல், மறுபடி சங்கிலி. டார்லா போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதே விறைப்பில் இழுத்து ஊன்றினாள். பந்தின் மூக்கு கம்பத்தை ஒரு விரல் தாண்டியிருந்தது. பந்து கார்வருக்கு. பின்னால் அவள் ஊர்க்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வரிசையில் கார்வரை எதிர்த்து ஆடிய அணியின் ரசிகன், நீலச் சட்டைக்காரன் ஒருவன் எழுந்து, அந்தப் பொம்பளை சங்கிலியைத் தளர்த்திவிட்டாள், வெளியே அனுப்புங்கள் என்று கத்தினான். அடுத்து வந்த குரல் யாருடையது என்று டார்லாவுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"யோவ், உங்க கோச்சைத் திட்டு. ரெஃப்ரியத் திட்டு, நானும் கூடச் சேந்து திட்டறேன். அந்தச் சங்கிலியப் பத்தி மட்டும் வாயத் திறக்காத. அது எங்களையே தோக்கடிச்ச சங்கிலிய்யா."

டார்லா கம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தாள். சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை.