இடம் விட்டு எடுத்த படம்

போன கிழமை, கொழும்புக் கோட்டையில் வேலை முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த அண்ணன், சப்பாத்தைக் கழற்றாமல் படியிலேயே நின்றார். "தங்கச்சி, சவிரிமுத்தர் மோசம் போயிட்டாராம். நாளைக்குச் சவம் எடுக்கினமாம்" என்றார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவரில் தொங்கும் அப்பாவின் சாவுப் படத்தின் கீழே உட்கார்ந்துவிட்டார். அந்தப் படம் சவிரிமுத்தர் எடுத்தது.

கொட்டாஞ்சேனையில் அவரை அறியாதவர்கள் குறைவு. சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்க ஒரு படம் எடுக்காமல் அங்கே எங்கள் கத்தோலிக்க வேதக்கார வீடுகளில் பெட்டியை மூடமாட்டார்கள். அதற்குச் சவிரிமுத்தர்தான் வரவேண்டும். கல்யாண வீட்டுக்கு அவர் சரிப்படமாட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "பல்லைக் காட்டாதேங்கோ" என்று மாப்பிள்ளையையே அதட்டுவார். என் கல்யாணப் படத்தைப் பார்க்கிறவர்கள், யார் செத்தது என்று கேட்காத குறை.

சாவு வீட்டில் அவர் வேறு மனிதர். கறுப்புத் துணிக்குள் தலையை விடுமுன் மெதுவாகச் சொல்வார்: "என்னைப் பாக்க வேண்டாம். அவரைப் பாருங்கோ. இனிப் பாக்கக் கிடையாது." அதனால் அவர் எடுத்த சாவுப் படங்களில் எல்லா முகங்களும் குனிந்தே இருக்கும். முகம் தெரியவில்லை என்று யாராவது குறைப்பட்டால், "உங்கட முகத்தைக் கண்ணாடியிலை பாக்கலாம்தானே" என்பார்.

யுத்த காலத்தில் அப்பா போனார். அண்ணன் அப்போது மலாயாவில் கிளார்க். யப்பான்காரன் அங்கே வந்த பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. படம் எடுக்க எல்லோரும் கூடி நின்றபோது, அம்மா தன் பக்கத்தில் ஒருவரையும் நிற்க விடவில்லை. "அது ராசன்ரை இடம்" என்றார். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாதவனுக்கு இடம் விடுறதோ, அண்ணி? பெட்டிக்குப் பக்கத்திலை வெறும் இடம் விட்டால் இன்னொரு சாவு வரும்."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்தை அடைத்தால் அண்ணனையும் சேர்த்துப் புதைத்ததாகிவிடும் என்று அம்மா நினைக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. சவிரிமுத்தர் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தார். "இடம் இருக்கட்டும். மற்ற ஆக்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. தம்பி வந்து நிண்டுகொள்ளுவார்" என்றார், கடைக்குப் போன ஆளைப் பற்றிச் சொல்வதுபோல. சித்தப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓரத்தில் போய் நின்றார். அந்தக் கோபம் படத்திலும் விழுந்திருக்கிறது.

யுத்தம் முடிந்து அண்ணன் வந்தார், எலும்பும் தோலுமாக. நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம். அவர் அழவில்லை. சாப்பிடுவார், படுப்பார், எழும்பி உட்கார்ந்திருப்பார். அப்பாவின் கல்லறைக்குப் போகலாம் என்றால், பார்ப்போம் என்பார். பயந்துபோன அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய், "பிள்ளை வந்திட்டான், ஆனா அழுறானில்லை" என்று சவிரிமுத்தரிடம் சொன்னார். அவர் யோசித்துவிட்டு, "இடம் விட்டு வச்சிருக்கிறம்தானே. கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். படம் எடுக்க என்றதும் அண்ணன் மறுக்காமல் வந்தார்.

ஸ்டூடியோவில் ஆட்கள் உட்காரும் நீள வாங்கு ஒன்றைப் பெட்டியின் உயரத்துக்குத் தூக்கி வைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்திருந்தார். பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து அண்ணனை நிறுத்தினார்.

"அப்பாவின்ரை முகம் இந்த இடத்திலை. அம்மா உங்கட இடப்பக்கம். குனிஞ்சு பாருங்கோ, அப்பதான் பொருந்தும்."

அண்ணன் குனிந்தார். வெறும் துணியைப் பார்த்தபடியே நின்றார். பிறகு வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்று வாய்விட்டு அழத் தொடங்கினார். நான் ஓடப் போனேன். சவிரிமுத்தர் என்னைக் கையால் மறித்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். அவசரப்படவே இல்லை. அழுகை ஓய்ந்து அண்ணன் முகத்தைத் துடைக்கப் போனபோதுதான் எழுந்தார்.

"துடைக்க வேண்டாம், தம்பி. இப்பதான் மற்ற ஆக்களோடை சேருது."

அந்தப் படத்தை வெட்டி, பழையதில் ஒட்டி, மறுபடி படம் பிடித்துத் தந்தார். அண்ணனின் நிழல் மற்றவர்களின் நிழலுக்கு எதிர்ப்பக்கம் விழுகிறது. சவிரிமுத்தருக்கு அதில் கடைசிவரை வெட்கம். அம்மாவின் கண்ணுக்கு இன்றுவரை அந்த நிழல் தெரியவில்லை. இடம் வெறுமையாக இருக்கும் முதல் படத்தை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அவருக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை. ஆனாலும் அவரை எடுத்த அன்று அவருடைய வீடிருந்த குறுகிய ஒழுங்கை கொள்ளாத சனம். படம் எடுக்க வேறு ஸ்டூடியோவிலிருந்து ஒரு இளைஞர் வந்திருந்தார். "எல்லாரும் கமராவைப் பாருங்கோ" என்று கூப்பிட்டார். ஒருவரும் நிமிரவில்லை. சிங்களத்திலும் கூப்பிட்டுப் பார்த்தார். தலைமாட்டில் நின்ற அண்ணன் மட்டும், குனிந்த தலை குனிந்தபடியே, "நீங்கள் எடுங்கோ, தம்பி" என்றார்.

அந்தப் படத்தில் ஒரு பிரதிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் எவருடைய முகமும் அதில் சரியாக விழுந்திருக்காது. நாங்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.