மேனேஜருக்கு வந்த இரண்டு ஜன்னல்கள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் 'ஜன்னல்'. முப்பது வருடமாக அலுமினிய ஜன்னல் பொருத்துகிறவர். அவர் ஜன்னல் வைக்காத மாடிக் கட்டடம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவர் ஜன்னல் வைக்காத ஒரே இடம் அக்காவின் சமையலறை. பதினோரு வருடத்துக்கு முன் அடுப்புக்கு மேலே சுவரை இடித்து ஓட்டை போட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு வங்கியிலிருந்து அவசர வேலை வந்தது. ஓட்டைமேல் பிளைவுட் பலகையை வைத்து நாலு பக்கமும் ஆணி அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுகிறேன் என்று கிளம்பினார். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அக்காவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதன்பிறகு அவள் மிளகாய் வறுத்தால் இருமுவாள், மீன் பொரித்தால் இருமுவாள், அப்புறம் எதுவும் வறுக்காமலே இருமத் தொடங்கினாள். காற்றோட்டமில்லாத இடத்தில் சமைக்கக் கூடாது என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். மாமா அந்தச் சீட்டை வாங்கிப் படித்து, தலையாட்டி, அதே பிளைவுட் பலகையில் குத்திவைத்தார். நான் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். அந்த இருமல் சுவர் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் மாமாவை நாலு கேள்வி கேட்கத் தோன்றும். அக்கா விடமாட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் மேனேஜர் இருமியது. மேனேஜர் என்பது கோழி. கொல்லையிலுள்ள ஆறு கோழிகளில் அது மட்டும் முட்டையிடாது. மற்றவை இடுவதை நடந்து நடந்து மேற்பார்வை பார்க்கும். மாமா டீ குடிக்கும்போது அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மாட்டு டாக்டர் வந்து கோழிக் கொட்டகைக்குள் தலையை நுழைத்தார், நுழைத்த வேகத்தில் வெளியே எடுத்தார். எச்சத்தின் நெடி வெளியேற வழியே இல்லை, எதிரெதிரே இரண்டு ஜன்னல் வையுங்கள் என்றார்.

மறுநாளே மாமா வேலைக்கு லீவு போட்டார். பட்டறையிலிருந்து மூன்று வகை ஜன்னல் வந்து இறங்கியது. மரச்சட்டம் போட்டதைக் கோழி கொத்திவிடும் என்று ஓரமாக வைத்தார். குளியலறைக்கு வைக்கும் அடுக்குக் கண்ணாடியில் எச்சம் ஒட்டினால் கழுவ முடியாதாம். அதுவும் ஓரம் போனது. கடைசியில் அந்த வங்கி வேண்டாமென்று திருப்பிய கறுப்புக் கண்ணாடி ஜோடியைத் தேர்ந்தெடுத்தார். பகலில் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. கோழிகளுக்குக் கூச்சம் போலும்.

அவை தூங்க உட்காரும் கம்புக்கு மேலே பென்சிலால் கோடு போட்டார். காற்று நேராகக் கோழிமேல் அடிக்கக் கூடாதாம், தலைக்கு மேலே போக வேண்டுமாம். அதற்காக மேனேஜரைக் கம்பில் நிறுத்தி டேப்பால் உயரம் அளந்தார். அக்காவை ஒருநாளாவது இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருப்பாரா? 

இரண்டு நாளில் வேலை முடிந்தது. வெளிப்பக்கம் கம்பி வலை, ஒரு விரலால் தள்ளினாலே நகரும் கண்ணாடி. குறை சொல்ல முடியாத வேலைதான். ஆனால் பழக்கதோஷத்தில் கொக்கியை உள்பக்கம் வைத்துவிட்டார். திறக்கவோ மூடவோ யாராவது குனிந்து உள்ளே போயாக வேண்டும். முப்பது வருடத்தில் யாருமே தன்னிடம் வெளிப்பக்கம் கொக்கி கேட்டதில்லை என்றார். கோழிகளும் கேட்கவில்லைதான்.

மறுநாள் காலை அக்கா கோழிகளை வெளியே விட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கொட்டகைக் கதவு எங்கள் பழைய குளியலறைக் கதவு. அதன் தாழ்ப்பாளும் உள்ளேதான். அதைப் போட்டுக்கொண்டாள். டீ கேட்டுத் தேடி வந்த மாமா, கறுப்புக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். அதில் அவர் முகம்தான் தெரிந்தது.

"என்ன விளையாட்டு இது? வெளியில வா."

"கோழி ரெண்டு நாள் இருமுச்சு, ரெண்டு ஜன்னல் வந்துடுச்சு. நான் பதினோரு வருஷமா இருமிட்டிருக்கேன். இங்க நல்லா காத்து வருது. நான் இங்கயே இருந்துக்கறேன்."

மாமா கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தபடியே, "ஞாயித்துக்கிழமை கண்டிப்பா போட்டுடறேன்" என்றார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான்."

மாமா சுத்தியலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். பிளைவுட்டில் ஆணிகள் துருவேறிக் கிடந்தன. பிடுங்க அரைமணி நேரமாயிற்று. டாக்டர் சீட்டு கீழே விழுந்தது. அதை எடுத்து மறுபடி படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஓரமாக வைத்த மரச்சட்ட ஜன்னல் அந்த ஓட்டைக்குப் பொருந்தியது. மேனேஜர் வாசற்படியில் நின்று வேலை முடியும்வரை மேற்பார்வை பார்த்தது. கடைசிக் கொக்கியை மாட்டிய பிறகே அக்கா கொட்டகையை விட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் அவள் மிளகாய் வறுத்தாள். நான் வழக்கம்போல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அந்தப் பக்கமிருந்து ஒரு இருமலும் வரவில்லை. நெடி மொத்தமும் புது ஜன்னல் வழியாக என் வீட்டுக்குள் வந்தது. மூக்கும் கண்ணும் ஒழுக நான் இருமித் தீர்த்தேன். அப்படியும் என் ஜன்னலை நான் சாத்தவில்லை.