சேற்றில் நடந்த மீன்

'ஆற்றில் வாழும் மீன் ஒன்றின் பெயர் எழுதுக.' சயன்ஸ் புத்தகத்தில் உள்ள கேள்வி. விடையும் அதிலேயே இருக்கிறது – ட்ரவுட்.

ட்ரவுட் சீமை மீன். குளிர்ந்த ஓடையில் வாழ்வது. எங்கள் மலாக்காவின் காஜா பேராங்கில் யார் வீட்டுக் குழம்பில் அது கொதித்திருக்கிறது? வெள்ளைக்காரன் போய் நாட்டுக்குக் கொடி மாறிவிட்டது... புத்தகம் மாறவில்லை.

எரிச்சலில், போன மாதம் என் வகுப்பை மலாக்கா ஆற்றுக்கே நடத்திக்கொண்டு போனேன். கடல் வற்றும் நேரம். கரையெல்லாம் சேறு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்குங்கள் என்றேன். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கமலா மட்டும் இறங்கினாள்.

விரல் நீளத்தில் ஒரு மீன், தலைமேல் துருத்திய கண்களோடு, சேற்றில் துடுப்பை ஊன்றி நடந்துபோனது. மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்பார்கள்.

"தண்ணிய விட்டு வந்துருச்சே சார், எப்புடி மூச்சு விடுது?"

எனக்குத் தெரியவில்லை. மறுபடி வந்து பார்த்து நாமே கண்டுபிடிப்போம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

மறுநாள் காலை அவள் அப்பா வந்தார். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் தோட்டத்தில், இடுப்பளவு சேற்றில் நின்று வடிகால் காண் வெட்டிய மனிதர். இப்போது டவுனில் கடை வேலை. கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"நானும் எங்கப்பனும் சேத்துல நின்னது போதும் சார். அதுல எறங்கக் கூடாதுன்னுதான் இவள இங்க அனுப்புறேன். நீங்களே எறக்கி விட்டா எப்புடி?"

அந்தக் கால்களிடம் போய் ஆற்றின் அருமையை எப்படிப் பேசுவது?

தலைமை ஆசிரியருக்கு இது போதுமானதாக இருந்தது. இனிமேல் ஆற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் போதும் என்று உத்தரவு. வரைந்தேன். சாக்பீஸ் ஆற்றில் ஏது சேறு? எல்லாருக்கும் நிம்மதி. கமலா அந்த மீனைப் பற்றி இரண்டு முறை கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

போன வாரம் பரீட்சை. அந்தக் கேள்வியே வந்தது. கமலாவின் தாளில், அழகான கையெழுத்தில் – ட்ரவுட்.

கூப்பிட்டு, அன்றைக்கு நாம் பார்த்தது என்ன மீன் என்று கேட்டேன்.

"பெலாச்சாக் சார். ஆனா மார்க்கு ட்ரவுட்டுக்குத்தானே?"

ஆமாம். ட்ரவுட்டுக்கு முழு மார்க் போட்டேன். மலாக்கா ஆற்றுக்குச் சைபர்.