கறுத்த ஈரல்

ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறவருக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் மூச்சுப்பிடி. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்வதுதான் அவர் பிழைப்பு. மேசை ஆளை இழுத்துக்கொண்டு வளையத்துக்குள் போகும். துண்டு போட்ட ரொட்டி மாதிரி ஆள் வெட்டுவெட்டாகத் திரையில் வந்து விழுவான். படத்தை எடுப்பது இவர். அதைப் பார்த்து எழுதுவது மாடியில் இருக்கும் டாக்டரம்மா. ஆனால் ஒரே வேலையை வருஷக்கணக்காகச் செய்கிறவன் வாயை மூடிக்கொண்டா செய்வான்?

அவருக்கும், நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு வரும் வண்டிக்காரனுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. நெஞ்சைப் படம் எடுத்தால் கடைசித் துண்டுகளில் ஈரலின் மேல்பாகமும் வந்துவிடும், எதிர்ப்பக்கத்தில் மண்ணீரலும் வரும். நல்ல ஈரல் மண்ணீரலைவிடக் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். குடித்துக் குடித்துக் கொழுப்பேறினது கறுத்துக் கிடக்கும். கறுத்தது ஒன்று திரையில் வந்தால் வண்டிக்காரன் கேட்பான், "இது எந்தக் கடை?"

"பஸ் ஸ்டாண்டு பின்னாடி."

"ஆளைப் பார்த்தா காசுள்ள இடம் மாதிரி இருக்கு?"

"அப்போ ஓட்டல் மாடி. ஏ.சி. பார்."

இவ்வளவுதான் விளையாட்டு. யாருக்கும் நஷ்டம் இல்லை. நோயாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பான், காதில் விழாது.

கொரோனா வந்தது. அறைக்கு வெளியே வரிசை ஆஸ்பத்திரி வாசல்வரை நின்றது. எல்லாருக்கும் நுரையீரல்தான் பார்க்க வேண்டும். கவச உடைக்குள் வியர்வை கால்வழியே ஒழுக, மூச்சே விட முடியாதவர்களிடம் மூச்சைப் பிடி, மூச்சைப் பிடி என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே நுரையீரல் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு அடைத்த மாதிரி வந்தது. கீழே ஈரல் கறுத்து வந்தது. ஒன்று இரண்டு அல்ல, வரிசையாக. மதுக்கடை எல்லாம் பூட்டிக் கிடந்த காலம் அது.

"வீட்டுக்குள்ளயே காய்ச்சறானுங்க போல," என்றான் வண்டிக்காரன்.

பல்லெல்லாம் போன ஒரு கிழவி வந்தாள். அவளுக்கும் கறுப்பு. "அடிப்பாவி, நீயுமா," என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அடுத்த ஆளை ஏற்றினார்கள். யோசிக்க வேண்டிய இடம் அதுதான். யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம் வண்டியில் வந்தது அவருடைய தங்கச்சி புருஷன்.

லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். கை நிறைய வேலை, வாய் நிறையப் பேச்சு. ஒரு காலத்தில் குடியே கதி என்று கிடந்தான். லிப்ட் மாதிரியே மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருந்தான். தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். அவனைத் திருத்தி, நடுவில் நின்று பேசி, அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது இவர்தான். "இனிமே அவர் குடிச்சார்னு தெரிஞ்சா நீ வந்து பேசக்கூடாது, அதோட அவ்வளவுதான்," என்று தங்கச்சி அன்றே சொல்லியிருந்தாள். அதற்கப்புறம் அவன் தொடவில்லை. டீயாகக் குடித்துத் தள்ளினான். கல்யாண வீட்டில் யாராவது கூப்பிட்டால், "எங்க மச்சான் ஸ்கேன்ல போட்டுப் பாத்துடுவாரு," என்று சிரிப்பான்.

கவச உடைக்குள் இருப்பது யார் என்று தெரியாமல் மேசையில் படுத்திருந்தவனிடம் குனிந்து, "மாப்ள, நான்தான்," என்றார்.

"மச்சானா? எமன்னு நெனச்சேன்." பேச்சுக்கு நடுவில் மூச்சு அறுந்தது. "வேலையைச் சீக்கிரம் முடிங்க. கீழ ஒரு லிப்ட் பாதியில நிக்குது."

"வாயை மூடிட்டு மூச்சைப் பிடி."

படம் வந்தது. நுரையீரல் பாதி வெள்ளை. துண்டுகள் கீழே இறங்கின. ஈரல் வந்தது. மண்ணீரலைவிடக் கறுப்பு, நல்ல கறுப்பு. உள்ளே ஓடும் ரத்தக்குழாய்கள் வெள்ளைக் கோடாகத் தெரிகிற அளவுக்கு.

ஆள் அவருக்குச் சொந்தம் என்று தெரியாத வண்டிக்காரன் பின்னாலிருந்து கேட்டான், "இது எந்தக் கடை?"

எல்லாரையும் ஏமாற்றினது போகட்டும், நடுவில் நின்ற என்னையுமா என்று மூச்சுப்பிடிக்குக் காந்தியது.

சாயங்காலம் தங்கச்சிக்குப் போன் போட்டார். நெஞ்சில் சளி இருக்கிறது, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், பயப்படாதே என்றார். அதோடு வைத்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"உன் புருஷன் பழையபடி ஆரம்பிச்சிட்டான்."

"என்னண்ணே சொல்ற?"

"ஈரல் கறுத்துப்போய்க் கிடக்கு. நான் என் கண்ணால பார்த்தேன்."

"நீ பார்த்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

"பார்த்தேன்."

மறுநாள் அவன் வார்டிலிருந்து கூப்பிட்டான். குரல் இரைந்தது. "மச்சான், அவ என்னென்னமோ பேசுறா. செத்தாலும் வீட்டு வாசலுக்கு வராதேங்குறா. நான் தொடல மச்சான். நல்லா ஒரு தடவை பாருங்க. வேற யார் படமாவது இருக்கும்."

"மாப்ள, என்கிட்டயே கதை விடாத. உள்ளுக்குள்ள பார்த்தவன் நான்."

"அவகிட்ட சொல்லுங்க மச்சான்."

"முதல்ல உடம்பைப் பாரு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டார்.

அப்புறம் என்பது வரவில்லை. அடுத்த நாளே தொண்டையில் குழாய் போட்டு, மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டார்கள்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து டாக்டரம்மா ஏதோ படம் சரியில்லை என்று கீழே இறங்கி வந்தார். திரையில் அன்றைக்கு எடுத்ததையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூச்சுப்பிடி வழக்கம்போல, "எல்லாம் குடிகாரக் கூட்டம் டாக்டர்," என்றார்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "யார் சொன்னது?"

"ஈரலைப் பாருங்களேன்."

"அதைத்தான் நானும் பார்த்துட்டிருக்கேன். இந்தக் காய்ச்சல்ல வர்றவங்க நிறைய பேருக்கு இப்படித்தான் இருக்கு. நோய் முத்தினவங்களுக்கு இன்னும் அதிகம்." ஈரல்மேல் ஒரு வட்டம், மண்ணீரல்மேல் ஒரு வட்டம் போட்டு அளவைக் காட்டினார். "சர்க்கரை இருந்தாலும் கறுக்கும், குண்டா இருந்தாலும் கறுக்கும், குடிச்சாலும் கறுக்கும். நோயும் மருந்தும் சேர்ந்தும் ஈரலைப் பாதிக்கும். கறுத்திருக்குன்னு மட்டும்தான் படம் சொல்லும். ஏன் கறுத்துச்சுன்னு சொல்லாது."

மூச்சுப்பிடி தன் தங்கச்சி புருஷன் படத்தை எடுத்துப் போட்டார். "இது டாக்டர்?"

"இதுவும் அப்படித்தான். குடிப்பாரா?"

"முன்னாடி. விட்டுட்டேன்னு சொல்றான்."

"அப்போ விட்டிருப்பார். படத்தை வெச்சு இல்லைன்னு சொல்ல என்னால முடியாது. உங்களாலயும் முடியாது."

மேலே ஐ.சி.யூ.வுக்கு ஓடினார். அவன் குப்புறக் கிடந்தான், முகம் ஒரு பக்கம் வீங்கி. இயந்திரம் அவனுக்குப் பதிலாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குனிந்து காதருகில், "மாப்ள, நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்," என்றார். கவச உடைக்குள் அந்தக் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. எதிரே இருந்த நர்ஸ், "சார், நகருங்க," என்றாள்.

தங்கச்சியிடம் சொல்லப் போனை எடுத்தார். வைத்தார். அவன் கண் விழிக்கட்டும், அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டார். கண் விழிக்கவில்லை. விடிந்ததும் தகவல் வந்தது.

பிணவறைக்குப் பின்னால் ஒரு இரும்புக் கேட். சொந்தக்காரர்கள் அதற்கு வெளியேதான் நிற்க வேண்டும். பையில் கட்டின உடல் நேரே சுடுகாட்டு வண்டியில் ஏறும். வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. தங்கச்சி வாயால் சொன்னது அப்படியே நடந்தது.

கேட் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் சொன்னார். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கத்துவாள், கம்பிவழியே கைநீட்டி அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலாம்.

"அந்தப் படத்தைக் காட்டு," என்றாள்.

அன்றைக்கே திரையைச் செல்போனில் எடுத்து வைத்திருந்தார். கம்பி இடுக்குவழியே காட்டினார். அவள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"இதுல குடி எங்கண்ணே இருக்கு? தொட்டுக் காட்டு."

அவர் விரல் கறுப்பின்மேல் போய் நின்றது. அது ஒரு ஈரல். வேறொன்றும் இல்லை. விரலை எடுத்துக்கொண்டார்.

"ராத்திரியெல்லாம் அவர் பக்கத்துலதான் படுத்திருந்தேன்," என்றாள் தங்கச்சி. "ஒரு நாள்கூட வாடை வந்ததில்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன் மிஷினை நம்பினேன்."

வண்டி கிளம்பியது. அவள் அதன் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தாள். அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

இவர் உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தார். வண்டிக்காரன் அடுத்த ஆளை ஏற்றியிருந்தான். நுரையீரல் முடிந்து ஈரல் வந்தது, கறுப்பாக. வண்டிக்காரன் வாயைத் திறக்கவில்லை. மேசையில் கிடந்தவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடிக்கச் சொன்னவர் விடச் சொல்ல மறந்துபோயிருந்தார்.